ஜூலையில் ஹகாதாவுக்கு வர வேண்டாம்

மாட்சுமோட்டோ
14 மே 1984

அன்புள்ள உங்களுக்கு,

மலையில் பனி உருகி வீட்டுக்குப் பின்னால் ஓடை சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. நானும் மிஹோவும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. போன கடிதத்தில் எதைப் பற்றியுமே ஒன்றும் எழுதவில்லை, அது வேறு விஷயம்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் ஹகாதாவுக்கு வரப்போகிறேன்.

பயந்துவிடாதீர்கள், நாலே நாள்தான். ஜூலை பதினான்காம் தேதி காலையில் கிளம்பிப் பதினேழாம் தேதி திரும்பிவிடுவேன். மாமா போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. நேற்று விடியற்காலையில் அவருக்குக் கஞ்சி வைக்க எழுந்து, அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் நினைவு வந்தது. அந்த அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாமா பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து ஒரு இரவுகூட நான் வேறு கூரையின் கீழ் படுத்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிவிட வேண்டும் என்ற பழக்கத்தில் இப்போதும் தூக்கம் கலைந்து எழுந்துகொள்கிறேன். புரட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

அதனால் மிஹோ கல்லூரியிலிருந்து ஹகாதா பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கிவந்து என் மடியில் போட்டாள். ரயில் அட்டவணைப் புத்தகத்தை நானே வாங்கினேன். நகோயாவில் வண்டி மாற இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது, போதும். ஆற்றங்கரைத் தள்ளுவண்டிக் கடையில் முழங்கையோடு முழங்கை இடிக்க உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட வேண்டும். நகாசு கடைத்தெருவின் விளக்குகள் ஆற்றுத் தண்ணீரில் விழுவதைப் பார்க்க வேண்டும். பெரிய கடையின் அடித்தளத்தில் தின்பண்டங்களைச் சும்மாவாவது சுற்றி வர வேண்டும். பதினைந்தாம் தேதி விடியற்காலையில் ஆண்கள் ஒரு டன் எடையுள்ள சப்பரத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஓடும் திருவிழா என்று போட்டிருக்கிறது. ஐந்து வருடம் அந்த ஊரில் குடியிருந்துகொண்டு அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? அலுவலகம், அறை, அலுவலகம் என்று எழுதுகிறீர்கள். அந்தப் புத்தகத்தைப் படித்தால் நீங்கள் வேறு ஏதோ ஊரில் இருப்பதுபோல் இருக்கிறது.

மூன்று வருடம் என்று சொல்லி அனுப்பிய கம்பெனி இன்னும் உங்களை விடவில்லை. அடுத்த ஏப்ரலிலாவது மாற்றல் காகிதம் வந்துவிடும் என்று நம்புகிறேன். வந்துவிட்டால் பிறகு நான் எந்தச் சாக்கில் அங்கே வருவது? கோடைச் சீருடைக்குக் காஜா எடுக்கிற வேலையும் ஜூலை பத்தோடு முடிகிறது.

உங்களைக் கவனித்துக்கொள்கிறவர்களிடம் வெறுங்கையோடு வர முடியாது. என் கையால் போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாயை ஒரு மரவாளி நிறையக் கொண்டுவருகிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கும் அண்டை அயலுக்கும் கொடுக்கலாம். படுக்கை ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். எனக்குத் தரை போதும்.

உங்கள்
ஃபுசாயே


ஹகாதா, ஃபுகுஓகா
26 மே 1984

ஃபுசாயே,

கடிதம் கிடைத்தது. இடுப்பு பரவாயில்லை.

வருவது பற்றி எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஜூலையில் வர வேண்டாம். மழைக்காலம் முடியாது, புழுக்கம் தாங்காது, மலைக்காற்றில் வளர்ந்த உனக்கு ஒரே நாளில் தலை சுற்றிவிடும். பதினைந்தாம் தேதியை ஒட்டி ஊரில் ஒரு விடுதியும் கிடைக்காது. என் அறை நாலரைப் பாய் அகலம்தான், இரண்டு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. கிளையில் அரையாண்டு இருப்புக் கணக்கும் அப்போதுதான். உன்னைத் தனியாக விட்டுவிட்டு நான் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

அக்டோபரில் வா. வானம் தெளிவாக இருக்கும். கடலும் அமைதியாக இருக்கும், படகில் தீவுக்கு அழைத்துப்போகிறேன்.

ஊறுகாய் பற்றி ஒன்று. ஜூலை ஒன்றிலிருந்து பதினைந்து வரை இந்தத் தெருவில் ஒருவரும் வெள்ளரிக்காயைத் தொட மாட்டார்கள். குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவது இங்கே சாமியின் முத்திரை மாதிரி இருக்கும். நாங்கள் அந்த நாட்களில் சாப்பிடுவதில்லை. நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்து வீடு வீடாக நீட்டினால் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவித்துப்போவார்கள்.

மிஹோவைப் படிக்கச் சொல். அப்பாவின் படத்துக்கு என் சார்பில் ஊதுபத்தி ஏற்று.

தொகுஜி


மாட்சுமோட்டோ
19 ஜூன் 1984

உங்களுக்கு,

மூன்று வாரமாக நான் பதில் எழுதவில்லை. கோபம்தான். அக்டோபர் என்று எழுதியிருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ‘நாங்கள் சாப்பிடுவதில்லை’ என்று ஒரு வரி இருந்ததே, அதுதான் தொண்டையில் நின்றது. இந்த வீட்டில் கோடை முழுக்க மூன்று வேளையும் வெள்ளரிக்காய் இல்லாமல் தட்டில் கைவைக்காத மனிதர் நீங்கள். அந்த ‘நாங்கள்’ யார் என்று யோசித்துக்கொண்டே காஜா எடுத்ததில் இரண்டு சட்டை வீணாகிவிட்டது.

இன்று பதில் எழுதுவதற்குக் காரணம் கோபம் இல்லை. என்னவென்று எனக்கே தெரியவில்லை. 

காலை பத்து மணிக்குத் தபால்காரர் ஒரு பார்சலோடு வந்து வாசலிலேயே நின்றார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட என்னைக் கூப்பிடவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. என்ன என்று கேட்டேன். பார்சலைத் திருப்பிப் பெயரைக் காட்டினார். ஹோகாரி கிசாகு அவர்களுக்கு என்று மாமாவின் பெயர் எழுதியிருந்தது. நடுவருடப் பரிசு என்று மேலே சிவப்பு வெள்ளை நூல் கட்டியிருந்தது. பிப்ரவரியில் மாமாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அந்தத் தபால்காரர். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே காரம் போட்ட மீன்சினை, ஹகாதாவில் செய்தது. அனுப்பியவர் உஷிமாரு, பாய்க்கடை. கூடவே ஒரு கடிதம். அதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் படிக்க வேண்டும்.

‘பெரியவருக்கு வணக்கம். நான் ஹகாதாவுல தரைப்பாய் கடை வச்சிருக்கேன். எண்பத்தி நாலு வயசுலயும் நீங்க தெனமும் வெறகு பொளக்குறீங்கன்னு தொகுஜி அண்ணன் சொல்லிச் சொல்லி, எங்க தெருவுக்கே உங்கள ஒரு தடவ பாக்கணும்னு ஆசையாப் போச்சு. மூணு வருஷமா கம்பெனி ஊருக்குத் திரும்பி வான்னு கூப்புட்டும் அண்ணன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு எங்க சப்பரத்துக்காக இங்கயே நின்னுட்டாரு. பெத்த புள்ளைய எங்களுக்கு விட்டுக் குடுத்திருக்கீங்க. இந்த வருஷம் அவருக்குச் சிவப்புத் துண்டு கட்டப் போறோம். வெளியூர்க்காரருக்கு இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் குடுத்ததில்ல. உங்க வீட்டுல கெட்ட சேதி ஒண்ணும் வராம பதினஞ்சாம் தேதி நல்லபடியா முடியணும்னு சாமிய வேண்டிக்கிட்டிருக்கோம். ஜூலை பொறந்துட்டா எங்களுக்குக் கை ஒழியாது, அதான் முன்னாலயே அனுப்புறேன்.’

இதை நான் நான்கு முறை படித்தேன். முதல் முறை, இது வேறு யாரோ தொகுஜியின் வீட்டுக்குப் போக வேண்டிய பார்சல் என்றே நினைத்தேன். அப்படி நினைத்தபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

விறகு பிளந்தார் என்கிறார்கள். மாமாவால் ஐந்து வருடமாகத் தானாக ஒரு குவளையைத் தூக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறார் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பிப்ரவரியில் இரண்டு நாள் வந்து அவருடைய எலும்பைப் பொறுக்கி வைத்துவிட்டுத்தானே போனீர்கள்? எலும்பை எடுக்க நீங்களும் நானும் சேர்ந்து பிடித்த அந்த நீளக் குச்சிகள் இன்னும் என் கையிலேயே இருப்பதுபோல் இருக்கிறது. எங்கே போனதாக அவர்களிடம் சொன்னீர்கள்?

கம்பெனி மூன்று வருடமாகக் கூப்பிட்டதாமே. கம்பெனிக்கு மனசாட்சி இல்லை என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பார்சலை என்ன செய்வது என்று தெரியவில்லை. இறந்தவர் பெயருக்கு வந்தது என்பதால் படத்துக்கு முன்னால் வைக்கலாம். ஆனால் அது இறந்தவருக்கு வந்தது இல்லையே. அடுக்களை ஓரத்தில் அப்படியே இருக்கிறது. மிஹோவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில் எழுதுங்கள். பொய் எழுதுவதானால் எழுத வேண்டாம்.

ஃபுசாயே


ஹகாதா, ஃபுகுஓகா
25 ஜூன் 1984

ஃபுசாயே,

எல்லாம் உண்மை.

இந்த இரண்டு சொல்லை எழுத இரண்டு நாள் ஆயிற்று. இனி மீதியையும் எழுதிவிடுகிறேன். நீ மனதில் முதலில் நினைத்திருக்கக்கூடியது இல்லை. பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் உனக்குப் புரியவைப்பது சுலபமாக இருந்திருக்குமோ என்னவோ.

வந்த முதல் ஜூலையில் ஒரு நாள் அலுவலகம் விட்டுக் கைப்பெட்டியோடு தெருவில் வந்துகொண்டிருந்தேன். பயிற்சி ஓட்டத்தில் ஒரு ஆள் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். பாய்க்கடை உஷிமாரு என் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். “யோவ் மலைநாட்டுக்காரரே, தோள் இருக்குல்ல, சும்மாவா வச்சிருக்க? வந்து குடு” என்றான். சட்டையும் காலணியுமாக நூறு அடி ஓடினேன். தோள் பட்டை தோல் உரிந்துபோயிற்று. அன்றைக்கு அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கம்பெனியில் நான் வெறும் துணைப் பிரிவுத் தலைவர். வீட்டில் நான் மிஹோவின் அப்பா, கிசாகுவின் மகன். தொகுஜி என்று கூப்பிட்டு என்னை யாரும் தேடியது பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிருந்தது.

அடுத்த வருடமும் ஓடினேன். மூன்றாம் வசந்தத்தில் மாற்றல் காகிதம் வந்தபோது, தந்தையின் உடல்நிலை காரணமாக இங்கிருக்க விரும்புகிறேன் என்று எழுதினேன். இதை எழுதவே கூசுகிறது. தெற்கின் வெப்பம் அப்பாவுக்கு நல்லது, அவரை இங்கே அழைத்துவரப்போகிறேன் என்று கம்பெனிக்குச் சொன்னேன். தெருவில் அப்பா விறகு பிளக்கிறார் என்று சொன்னேன். உனக்குக் கம்பெனி விடவில்லை என்று எழுதினேன். மூன்று இடத்திலும் மூன்று அப்பாக்கள்.

தீட்டு விஷயம் உனக்குத் தெரியாது. வீட்டில் சாவு விழுந்தவன் அந்த வருடம் சப்பரத்தைத் தொடக் கூடாது. அவர்கள் கூடும் இடத்துக்கும் வரக் கூடாது. யாரும் காவல் போட்டுத் தடுப்பதில்லை, அவனவனே ஒதுங்கி நின்றுகொள்வான். போன வருடம் பூக்கடைக்காரன் தாய் இறந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான், நாங்கள் அவன் வாசலைத் தாண்டி ஓடினோம். பிப்ரவரியில் உன் தந்தி வந்தபோது நான் முதலில் நினைத்தது அப்பாவை இல்லை, ஜூலையை. டோக்கியோவில் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ இதைப் படித்துவிட்டு என்னை மனிதன் இல்லை என்று நினைப்பாய். ஐம்பத்திரண்டு வயதில் கோவணம் கட்டிக்கொண்டு தெருவில் ஓடுவதற்காக ஒருவன் இதைச் செய்வானா என்று கேட்பாய். செய்திருக்கிறேன். சிவப்புத் துண்டு என்பது சப்பரத்தின் முன்னால் நின்று மற்றவர்களை இழுத்துச் செல்லும் உரிமை. அது ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

உஷிமாருவுக்கு எழுதிவிடாதே. பதினைந்தாம் தேதி வரை பொறு. அக்டோபரில் நீ வரும்போது எல்லாவற்றையும் நானே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தொகுஜி


மாட்சுமோட்டோ
30 ஜூன் 1984

உங்களுக்கு,

தந்தையின் உடல்நிலை காரணமாக என்ற அந்த வரியைப் படித்துவிட்டு வெளியே போய் ஓடையில் முகம் கழுவிவிட்டு வந்தேன். அதற்கு மேல் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

மிஹோவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். “தாத்தா நம்ம வீட்டுல செத்த பிறகும் அவர அங்க சாக விடல, அப்பாவுக்கு எப்படிம்மா முடிஞ்சது?” என்று கேட்டாள். நீங்கள் எழுதியதை மீண்டும் படித்துப் பார்த்தேன், அதில் பதில் இல்லை.

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவுக்கு வாய் கோணிப்போன பிறகு ஒரே ஒரு சொல்தான் ஒழுங்காக வந்தது. தொகுஜி. கஞ்சி வேண்டும் என்றாலும் தொகுஜி, புரட்டிவிடு என்றாலும் தொகுஜி. ஐந்து வருடம் அந்தப் பெயருக்கு எழுந்து போனவள் நான். இதை உங்களுக்கு எழுதினால் அங்கே தனியாக உட்கார்ந்து மனம் உடைந்துபோவீர்கள் என்று எழுதாமல் இருந்தேன். தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

உஷிமாருவுக்கு நான் எழுத மாட்டேன். அவர் நல்ல மனிதராகத் தெரிகிறார், அவரிடம் இதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. நீங்கள் சொல்ல வேண்டும். அக்டோபரில் இல்லை, இப்போது சொல்ல வேண்டும். அப்பா பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்துவிட்டார், எனக்குத் தீட்டு என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பூக்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாரே, அதுபோல் உட்காருங்கள். அது ஒன்றைத்தான் கேட்கிறேன். கம்பெனி, மாற்றல், அந்த மூன்று வருடம் எல்லாவற்றையும் பிறகு பேசிக்கொள்ளலாம். இருபத்தாறு வருடத்தில் நான் உங்களிடம் ‘செய்யுங்கள்’ என்று கேட்டது எத்தனை முறை என்று உங்களுக்கே தெரியும்.

சிவப்புத் துண்டு அடுத்த வருடமும் சிவப்பாகத்தான் இருக்கும். மாமாவுக்குத் துக்கம் காக்க இந்த ஒரு வருடம்தான் இருக்கிறது.

நான் வரவில்லை. பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஃபுசாயே


ஹகாதா, ஃபுகுஓகா
16 ஜூலை 1984

அன்புள்ள ஃபுசாயே,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகும் பத்து நாள் உள்ளுக்குள் போராடினேன், அதை மறைக்கவில்லை. பதினான்காம் தேதி மாலையில் உஷிமாருவின் கடைக்குப் போனேன். அவன் பாய் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தான். அப்பா இறந்துவிட்டார், பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார் என்று சொன்னேன். ஊசியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தான். பிறகு “அடப்பாவி அண்ணே, இத்தன நாளா எப்படித் தனியா சுமந்தீங்க?” என்று மட்டும் கேட்டான். சிவப்புத் துண்டை அவன் கையில் கொடுத்தேன். மடித்து அலமாரியில் வைத்துவிட்டான்.

நேற்று விடியற்காலையில் என் அறையிலேயே இருந்தேன். ஜன்னலைச் சாத்தினேன். ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது முரசு அடித்தது. பிறகு ஓட்டம், கூச்சல், தண்ணீர் கொட்டும் சத்தம் எல்லாம் தெருமுனையைக் கடந்து போகும் வரை நான் முழங்காலில் உட்கார்ந்து அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதேன். பிப்ரவரியில் அழாததை நேற்றுத்தான் அழுதேன்.

மனம் லேசாகிவிட்டது, ஃபுசாயே. நீ என்னை ஒரு பெரிய பாவத்திலிருந்து காப்பாற்றினாய். ஆகஸ்டில் இறந்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் நாட்களுக்கு, அப்பாவின் முதல் ஓபோனுக்கு, ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். வரவேற்பு விளக்கை நானே ஏற்றுகிறேன். அடுத்த ஏப்ரலில் காகிதம் வந்தால் ஒப்புக்கொள்கிறேன். இனி நம் இருவருக்குள் பொய் வேண்டாம்.

மிஹோவிடமும் சொல்.

உன்
தொகுஜி


மாட்சுமோட்டோ
19 ஜூலை 1984

உங்களுக்கு,

பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க நான் நிலையத்துக்குப் போனது உண்மை. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கொடுக்க மனம் வரவில்லை. அந்த விடியற்காலையில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பீர்களே என்று நினைத்தேன். நான் சொன்னதற்காக உட்கார்ந்திருக்கிறவரின் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் வேண்டாம் என்பீர்கள் என்று சொல்லாமலே கிளம்பினேன்.

பதினான்காம் தேதி மாலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டுக்கார அம்மாவின் வாசலில் நின்றேன். என்னை யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே அவர், தொகுஜி அண்ணனைத் தேடி வந்தால் திருவிழா முடிகிற வரை கிடைக்க மாட்டார், ஒன்றாம் தேதியிலிருந்து சப்பரக்காரர்கள் கூடும் கூடத்திலேதான் இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் யார் என்று சொல்லவில்லை. சரி, உண்மையைச் சொல்லத்தான் கூடத்துக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அதையும் நம்பினேன். விடுதிகளில் இடம் இல்லை, அதை மட்டும் நீங்கள் சரியாக எழுதியிருந்தீர்கள். நிலையத்தின் பெஞ்சில் மற்ற வெளியூர்க்காரர்களோடு உட்கார்ந்திருந்தேன்.

விடியற்காலையில் உங்கள் தெருவுக்கே வந்து நின்றேன். பக்கத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, வெளியூரா, முன்னால் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பாய்க்கடைக்காரர் மனைவி என்று பேச்சிலிருந்து தெரிந்தது. முரசு அடித்துக் கொஞ்ச நேரத்தில் தரை அதிர ஆரம்பித்தது. அவர் விரலை நீட்டிக் காட்டினார். “அதோ வராரு பாருங்க, செவப்புத் துண்டு, அதான் எங்க தொகுஜி அண்ணன். அவங்க அப்பா எண்பத்தி நாலு வயசுல இன்னும் வெறகு பொளக்குறாராம். அந்த ஒடம்பு வேற எப்படி இருக்கும்?” என்றார். ஒரு வாளியை என் கையில் திணித்து, நல்லா ஊத்துங்க, ஓடுறவங்களுக்கு வேகம் வரும் என்றார்.

ஊற்றினேன். உங்கள் முகத்துக்கு நேராக ஊற்றினேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தீர்கள். ஒரு கை தூரம்கூட இல்லை. “இன்னும் ஊத்து தாயி, இன்னும்” என்று சிரித்துவிட்டு ஓடிப்போனீர்கள்.

என் கையில் வாளி அப்படியே இருந்தது. பாய்க்கடைக்காரர் மனைவி வாங்கி வைத்தார். எந்த ஊர், இங்கே சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நகோயாவிலிருந்து வந்தேன், யாரும் இல்லை என்று சொன்னேன். முதல் வண்டியிலேயே திரும்பிவிட்டேன். ஆற்றையும் பார்க்கவில்லை, எதையும் சாப்பிடவுமில்லை.

இதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த மூன்று நாளும் உங்கள் முகம்தான் கண்ணில் நின்றது. இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. மிஹோ பிறந்தபோதுகூட இல்லை. அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லையே என்று அழுதேன், ஆனால் எங்கேயாவது இருக்கிறதே என்றும் தோன்றியது. மாமா பார்த்திருந்தால் ஓடட்டும் விடு என்று சொல்லியிருப்பாரோ என்றுகூட யோசித்தேன். ‘ஓடிவிட்டேன், முடியவில்லை’ என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நான் எதையும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வரிக்காகத்தான் காத்திருந்தேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. முழங்காலில் உட்கார்ந்து மாமாவை நினைத்து அழுத கடிதம். உஷிமாரு ஊசியைக் கீழே வைக்காமல் பார்த்த கடிதம். அதைப் படிக்கும்போது, நான் பார்த்ததுதான் பொய்யோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தீர்கள். நான் பயந்தது அப்போதுதான். தெருவுக்குச் சொன்னது சப்பரத்துக்காக. கம்பெனிக்குச் சொன்னது தெருவுக்காக. எனக்கு இதைச் சொன்னதற்கு என்ன காரணம் என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. இனி நீங்கள் எழுதும் எதை நான் நம்புவது?

அடுத்த மாதம் மாமாவின் முதல் ஓபோன். நானும் மிஹோவும் விளக்கு ஏற்றிக்கொள்கிறோம். தபால்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வர வேண்டாம். இது சாவு விழுந்த வீடு. உங்களுக்குத்தான் தீட்டு இல்லையே.

ஃபுசாயே